சித்திரவதைக்கு அனுமதி எழுதிய அரசு வக்கீல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனித உரிமைச் சட்டம் பற்றி வாசகர் வட்டங்களில் பேசப் போகிறேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவில் வந்து நிற்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பிடித்துவைத்தவர்களைச் சித்திரவதை செய்யலாம் என்று எழுதிக்கொடுத்த அமெரிக்க அரசு வக்கீல்களை யாரும் ஏன் கேட்கவில்லை என்பதே எல்லோருக்கும் உள்ள சந்தேகம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். சுலபமானவை முதலில் வருகின்றன.

யார் அந்த வக்கீலுங்க? அப்படி என்னதான் எழுதிக் கொடுத்தாங்க?

அமெரிக்க நீதி அமைச்சகத்தில் சட்ட ஆலோசனை அலுவலகம் என்று ஒரு சிறு பிரிவு உண்டு. 2002 ஆகஸ்ட் 1 அன்று அங்கிருந்து இரண்டு மெமோக்கள் போயின. இரண்டிலும் கையெழுத்து அதன் தலைவர் ஜே பைபீயுடையது. எழுத்து வேலையில் பெரும்பங்கு அவருக்குக் கீழே இருந்த ஜான் யூவுடையது. முதல் மெமோ வெள்ளை மாளிகையின் வக்கீல் ஆல்பர்ட்டோ கொன்சாலெஸுக்குப் போனது. சட்டப்படி எது சித்திரவதை, எது இல்லை என்று அது பேசியது.

இரண்டாவது, சிஐஏவின் வக்கீல் ஜான் ரிஸ்ஸோவுக்கு. அது அபு சுபைதா என்ற ஒரே ஒரு கைதியைப் பற்றியது. 2002 மார்ச்சில் பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் பிடிபட்டவர் அவர். அவர்மீது பயன்படுத்தப் பத்து முறைகளை மெமோ வரிசையாகச் சொல்லி அனுமதித்தது. சுவரில் மோதுவது, கன்னத்தில் அறைவது, சிறு பெட்டிக்குள் அடைப்பது, பல நாள் தூங்க விடாமல் வைப்பது, முகத்தில் தண்ணீர் ஊற்றும் வாட்டர்போர்டிங் ஆகியவை அதில் உண்டு. அவருக்குப் பூச்சி என்றால் பயம் போலத் தெரிகிறது, ஆகவே பெட்டிக்குள் பூச்சியை விடலாம் என்பதும் உண்டு.

பிறகு 2003 மார்ச் 14 அன்று, பாதுகாப்பு அமைச்சகத்தின் வக்கீல் வில்லியம் ஹேன்ஸுக்கு யூ இன்னொன்று எழுதினார். 2005 மே மாதம் அதே அலுவலகத்திலிருந்து ஸ்டீவன் பிராட்பரி மேலும் மூன்று எழுதினார். பேச்சில் ‘டார்ச்சர் மெமோ’ என்று அடிபடுவது இவையெல்லாம் சேர்ந்துதான்.

ஒரு ஆபீஸ்ல உக்காந்து ஒருத்தர் கருத்து எழுதினா அதுக்கு அவ்வளவு மதிப்பா?

அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை ஆமாம். அதன் கருத்து, ஜனாதிபதியின் கீழ் உள்ள நிர்வாகம் முழுவதையும் கட்டுப்படுத்துவதாகவே நடைமுறையில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. குற்ற வழக்குத் தொடரவேண்டிய பிரிவும் அதே நீதி அமைச்சகத்தில்தான் இருக்கிறது. அமைச்சகமே ‘இது குற்றமில்லை’ என்று எழுதிக்கொடுத்த பிறகு, அதை நம்பிச் செய்தவன்மேல் அதே அமைச்சகம் வழக்குப் போடுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

சிஐஏவுக்கு இது நன்றாகத் தெரியும். விசாரணை அதிகாரிகள்மேல் வழக்குத் தொடரமாட்டோம் என்று முன்கூட்டியே உத்தரவாதம் கிடைக்குமா என்றுதான் 2002 கோடையில் அது முதலில் பார்த்தது. அமைச்சகத்தின் குற்றவியல் பிரிவு முடியாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் மெமோவில் இரண்டு புதிய பகுதிகள் ஏறின. படைகளின் தலைமைத் தளபதி என்ற முறையில் ஜனாதிபதி உத்தரவிட்டால் சித்திரவதைத் தடைச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது என்பது ஒன்று. குற்றம் என்றே வந்தாலும் ‘வேறு வழியில்லை’, ‘தற்காப்பு’ என்று வாதாடித் தப்பலாம் என்பது மற்றொன்று. இவை எதற்கு என்று சக வக்கீல் ஒருவர் கேட்டபோது, அவர்கள் அதை விரும்புகிறார்கள் என்ற பொருளில் யூ பதில் சொன்னதாகப் பின்னால் நடந்த விசாரணையில் பதிவாகியிருக்கிறது. யார் அந்த ‘அவர்கள்’ என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது என்பேன்.

சித்திரவதை கூடாதுன்னு அமெரிக்காவுலயே சட்டம் இருக்கே, அதை எப்படித் தாண்டினாங்க?

தாண்டவில்லை, சுருக்கினார்கள். ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தை அமெரிக்கா 1994இல் ஏற்றது. அதற்காகவே ஒரு குற்றவியல் சட்டமும் போட்டது. ‘கடுமையான’ உடல் வலியோ மன வேதனையோ வேண்டுமென்றே உண்டாக்குவது அச்சட்டப்படி சித்திரவதை. இருபது ஆண்டு வரை சிறை கிடைக்கும், கைதி இறந்தால் மரண தண்டனையும் வரலாம்.

முதல் மெமோ அந்தக் ‘கடுமையான’ என்பதைப் பிடித்துக்கொண்டது. உறுப்பு செயலிழப்பது, உடல் இயக்கம் கெடுவது, உயிரே போவது போன்ற பெரும் காயங்களோடு வரும் வலிக்குச் சமமாக இருந்தால்தான் கடுமை என்றது. இந்த அளவுகோலை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? அவசர சிகிச்சைக்கு யாருக்கெல்லாம் மருத்துவச் செலவு தரலாம் என்று சொல்லும் நலத்திட்டச் சட்டத்திலிருந்து. அந்தச் சட்டமும்கூட வலியை அப்படி வரையறுக்கவில்லை. கடுமையான வலி இருந்தால் இன்னின்ன ஆபத்து இருக்கலாம் என்று மருத்துவருக்கு அடையாளம் சொல்லியது, அவ்வளவுதான். மெமோ அதைத் தலைகீழாக்கியது.

முகத்துல தண்ணி ஊத்துறதெல்லாம் சித்திரவதையா? பயமுறுத்தறதுதானே?

கையைக் காலைக் கட்டிச் சாய்வுப் பலகையில் படுக்கவைத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடி, மேலே தண்ணீர் ஊற்றுவார்கள். மூச்சுத் திணறி, மூழ்கிச் சாகிறோம் என்ற நிலைக்கு உடல் போய்விடும். அபு சுபைதாவுக்கு 2002 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் குறைந்தது 83 முறை இதைச் செய்தார்கள். காலித் ஷேக் முகமது என்ற இன்னொரு கைதிக்கு 2003 மார்ச்சில் 183 முறை. அனுமதி கொடுத்த மெமோவோ, பல தடவை செய்தால் பலன் குறைந்துவிடும், ஆகவே திரும்பத் திரும்பச் செய்வது அதிகமிருக்காது என்று நம்பி எழுதப்பட்டது.

அமெரிக்க நீதிமன்றங்களுக்கும் இது புதிதல்ல. டெக்சாஸில் ஒரு மாவட்ட ஷெரிஃபும் அவருடைய ஆட்களும் கைதிகளிடம் வாக்குமூலம் வாங்க இதே தண்ணீர் வேலையைச் செய்தார்கள். 1983இல் அவர்களைக் குற்றவாளி என்று தீர்த்தது நீதிமன்றம், ஷெரிஃபுக்குப் பத்தாண்டு சிறை. அந்த வழக்கை நடத்தியது இதே நீதி அமைச்சகம்தான். மெமோவில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

குண்டு வெடிக்கப்போகுது, ஆயிரம் பேர் சாவாங்கன்னா அப்போ என்ன சார் பண்றது?

சட்டம் இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. போர், போர் அபாயம், நெருக்கடி நிலை என்று எந்தச் சூழ்நிலையும் சித்திரவதைக்கு நியாயமாகாது என்பது மேலே சொன்ன ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவு.

நடந்ததைப் பார்த்தாலும் அந்தக் குண்டுக் கதை பொருந்தவில்லை. காலித் ஷேக் முகமதுதான் செப்டம்பர் தாக்குதலின் மூளை என்ற தகவலை அபு சுபைதா சொன்னது எஃப்பிஐ அதிகாரிகள் சாதாரணமாகப் பேசி விசாரித்தபோது. மெமோ வருவதற்குப் பல மாதங்கள் முன்பு. அதன்பின் ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை அவரை யாரும் எதுவும் கேட்காமல் தனியறையில் போட்டுவைத்தார்கள். குண்டு வெடிக்கப்போகிற அவசரம் அங்கே தெரியவில்லை.

தப்பான கருத்து சொன்ன வக்கீலை எல்லாம் உள்ளே தள்ளினா யாருங்க தொழில் பண்ணுவா?

இது வக்கீல் நண்பர்கள் கேட்பது. நியாயமான கேள்விதான். கட்சிக்காரருக்கு அறிவுரை சொல்லி அது நீதிமன்றத்தில் தோற்றால் அது குற்றமில்லை. துணிச்சலான வாதம் வைப்பதும் குற்றமில்லை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் இருப்பார், நீதிபதி இருப்பார், தவறை யாராவது பிடிப்பார்கள்.

இங்கே எதிர்த்தரப்பே இல்லை. மெமோ ரகசியம், படிக்கப்போவது கேட்டவர்கள் மட்டுமே. ஆடிட்டர் கட்சிக்காரருக்காக வாதாடிப் பேசலாம், ஆனால் கணக்குச் சரி என்று கையெழுத்துப் போடும்போது அந்த உரிமை அவருக்கில்லை. அலுவலகக் கருத்து கையெழுத்து வகையைச் சேர்ந்தது. பாதகமான சட்டத்தை மறைக்காமல் சொல்வது அங்கே அடிப்படைக் கடமை. போர்க்காலத்திலும் ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்று சொன்ன 1952ஆம் ஆண்டு உருக்காலை வழக்கு, இந்த விஷயத்தில் எந்தச் சட்ட மாணவரும் முதலில் எடுக்கும் தீர்ப்பு. ஜனாதிபதி அதிகாரத்தைப் பற்றி அத்தனை பக்கம் எழுதிய மெமோ அதைத் தொடவே இல்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தவறான கருத்து வேறு, நடக்கப்போகும் ஒரு குறிப்பிட்ட செயலுக்கு வழி திறந்துவிடும் கருத்து வேறு. இரண்டாவது மெமோ ஒரு மனிதனின் பெயரைச் சொல்லி, அவனை என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டது. அந்தத் தாள் வரும்வரை சிஐஏ வாட்டர்போர்டிங்கைத் தொடங்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அது அறிவுரை என்ற எல்லையைத் தாண்டி, செயலின் ஒரு பகுதியாகிவிட்டது. சித்திரவதைக்கு உடந்தையாக இருப்பதும் குற்றம் என்கிறது ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு. அதற்காகச் சதி செய்வது அமெரிக்கச் சட்டத்திலும் குற்றம், 2001 முதல்.

அந்த நேரத்துப் பதற்றத்துல யாரா இருந்தாலும் அப்படித்தானே எழுதியிருப்பாங்க?

அதே பதற்றத்தில் இருந்த மற்ற அரசு வக்கீல்கள் அப்படி எழுதவில்லை. கடற்படையின் தலைமை வக்கீல் ஆல்பர்ட்டோ மோரா, குவாண்டனாமோவில் நடப்பதைக் கேள்விப்பட்டதும் நேராக ஹேன்ஸிடம் போய் எதிர்த்தார். தாக்குதல் நடந்த அன்று, அதற்கு இலக்கான பாதுகாப்பு அமைச்சகத் தலைமையகமான பென்டகனுக்குள் இருந்தவர் அவர். முப்படைகளின் சட்ட அதிகாரிகளும் எழுத்தில் எதிர்த்தார்கள். ஹேன்ஸின் பரிந்துரையில் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் 2002 டிசம்பர் 2 அன்று ஒப்பமிட்ட கடும் முறைகளை 2003 ஜனவரி 15 அன்று அவரே திரும்பப் பெற்றதற்கு மோராவின் பிடிவாதம் முக்கியக் காரணம்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லாவிட்டால் கதை அரைகுறையாகிவிடும். எதிர்ப்பைப் பொருட்படுத்தாமலே யூ 2003 மார்ச் மெமோவை எழுதினார். அவர்களுடைய வாதம் அத்துடன் முடிந்தது.

மெமோவைத் திரும்ப வாங்கிட்டாங்களே, தப்பைத் திருத்திக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?

ஓரளவுக்கு. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் 2004 ஏப்ரலில் உலகமெங்கும் வெளியாயின, ஜூனில் முதல் மெமோ கசிந்தது. அலுவலகத்தின் புதிய தலைவர் ஜாக் கோல்ட்ஸ்மித் அதைத் திரும்பப் பெற்றார். அவரும் அதே கட்சி ஆட்சியில், அதே ஜனாதிபதி புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர்தான். டிசம்பர் 30 அன்று டேனியல் லெவின் புது மெமோ எழுதினார். சித்திரவதை அருவருப்பானது என்று கம்பீரமாகத் தொடங்கும் அதில், எட்டாவது அடிக்குறிப்பைத் தேடிப் படியுங்கள். முந்தைய கருத்துகள் அனுமதித்த எதையும் புதிய வரையறை மாற்றிவிடாது என்று சொல்கிறது. ஐந்தே மாதத்தில் பிராட்பரியின் மெமோக்கள், அந்த முறைகளைத் தனித்தனியாகவும் ஒன்றுசேர்த்தும் மறுபடி அனுமதித்தன.

வேணும்னே செஞ்சாங்கன்னு யாராவது விசாரிச்சுச் சொல்லியிருக்காங்களா, இல்ல நீங்களா சொல்றீங்களா?

நீதி அமைச்சகத்தின் சொந்த ஒழுக்க விசாரணைப் பிரிவு சொன்னது. பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு 2009 ஜூலையில் முடிந்த அறிக்கை அது. யூ தெரிந்தே தொழில்முறை ஒழுக்கத்தை மீறினார் என்றும், பைபீ தன் கடமையைப் பொறுப்பில்லாமல் புறக்கணித்தார் என்றும் அது முடிவு கட்டியது. ஒரு கிராமத்துப் பொதுமக்களைக் கொன்று குவிக்க ஜனாதிபதி உத்தரவிட முடியுமா என்று விசாரணையாளர்கள் கேட்டதற்கு, முடியும் என்று யூ பதில் சொன்னதும் அதில் இருக்கிறது. அவருடைய மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை அழிந்துபோயிருந்தன, மீட்க முடியவில்லை என்பதும் இருக்கிறது.

அவங்க ஆளுங்களே குத்தம்னு சொன்னப்புறமும் ஏன் ஒண்ணும் நடக்கலை?

அறிக்கை அமைச்சகத்தின் மூத்த அதிகாரி டேவிட் மார்கோலிஸின் மேசைக்குப் போனது. 2010 ஜனவரி 5 அன்று அவர் அந்த முடிவை ஏற்க மறுத்தார். இருவரும் ‘மோசமான முடிவெடுத்தார்கள்’, ஒழுக்க மீறல் என்று சொல்லமுடியாது என்றார். எந்த அளவுகோலை மீறினார்கள் என்பதை ஒழுக்கப் பிரிவு தெளிவாகக் காட்டவில்லை என்பது அவருடைய முக்கியமான காரணம். யூவின் விஷயத்தில் தீர்மானிப்பது எளிதல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். மெமோக்களை அவர் நியாயப்படுத்தவும் இல்லை.

இந்த ஒரு கையெழுத்தின் விலை என்னவென்றால், அறிக்கை நின்றிருந்தால் இருவருடைய பெயரும் அவர்கள் வக்கீலாகப் பதிவு செய்திருந்த பார் அமைப்புகளுக்குப் போயிருக்கும். உரிமம் பறிபோகலாமா என்ற விசாரணை நடந்திருக்கும். சிறைத் தண்டனை வாங்கித்தருவதைவிட இதுதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்று நினைக்கிறேன். ரகசியச் சாட்சிகள் வேண்டாம், சிஐஏ கோப்புகள் வேண்டாம். அவர்கள் எழுதிய தாள்களே போதும். எல்லோரும் ஒபாமாவைத் திட்டுகிறார்கள், மார்கோலிஸ் பெயர் யாருக்கும் நினைவில்லை.

ஒபாமா வந்ததும் எல்லாரையும் பிடிச்சிருக்கலாமே?

பதவியேற்ற மூன்றாம் நாள், 2009 ஜனவரி 22, அந்த முறைகளையெல்லாம் நிறுத்த உத்தரவிட்டார். ஏப்ரலில் நான்கு மெமோக்களை வெளியிட்டார். கூடவே, சட்ட ஆலோசனையை நல்லெண்ணத்தில் நம்பிச் செயல்பட்டவர்கள்மேல் வழக்கு இல்லை என்றும் அறிவித்தார். ஆகஸ்டில் அரசு வழக்கறிஞர் ஜான் டர்ஹாமிடம் ஒரு முதற்கட்ட ஆய்வைக் கொடுத்தார்கள். அதுவும் மெமோ அனுமதித்ததை மீறியவர்களைப் பற்றியதே. மெமோவை எழுதியவர்கள் அந்த வட்டத்துக்குள் வரவே இல்லை. கைதிகள் இறந்த இரண்டு சம்பவங்கள் மட்டும் முழு விசாரணைக்குப் போய், 2012 ஆகஸ்டில் வழக்கில்லாமல் முடிந்தன.

இரண்டாம் கேள்வியில் சொன்ன பாதுகாப்பு இப்படித்தான் வேலை செய்தது. விசாரித்தவன் வக்கீலைக் காட்டுவான். வக்கீல், நான் கருத்துத்தான் சொன்னேன் என்பார். ஜனாதிபதி, சட்டப்படி சரி என்று வக்கீல்கள் சொன்னார்கள் என்பார். 2005இலும் 2006இலும் நாடாளுமன்றம் போட்ட சட்டங்கள் இந்த வளையத்தை இன்னும் இறுக்கின. வக்கீல் சொன்னதை நல்லெண்ணத்தில் நம்பினேன் என்பதை எதிர்வாதமாக வைக்க, 2001 செப்டம்பர் வரை பின்னோக்கி வழி செய்துகொடுத்தன.

பாதிக்கப்பட்டவங்களே நேரா வக்கீல் மேல கேஸ் போட்டிருக்கலாமே?

போட்டார் ஒருவர். ஹோசே படில்லா, அமெரிக்கக் குடிமகன். 2002 மே மாதம் சிகாகோ விமான நிலையத்தில் கைதாகி, தென் கரோலினாவில் உள்ள கடற்படைச் சிறையில் மூன்றரை ஆண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவர். 2008இல் அவரும் தாயாரும் ஜான் யூமேல் உரிமையியல் வழக்குப் போட்டார்கள். கேட்ட நஷ்டஈடு ஒரே ஒரு டாலர். நடந்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னால் போதும் என்பதுதான் கோரிக்கை. 2009இல் கீழ்நீதிமன்றம் வழக்கு நடக்கலாம் என்றது.

2012 மே மாதம் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. படில்லாவுக்கு நடந்ததாகச் சொல்லப்படுவது சித்திரவதைதான் என்பது 2001–03 காலத்தில் ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாக இருக்கவில்லை, எனவே அதிகாரிகளுக்கான சட்டப் பாதுகாப்பு யூவுக்கு உண்டு என்றது. பைபீ நீதிபதியாக இருந்ததும் இதே நீதிமன்றத்தில்தான். இந்த வழக்கைக் கேட்ட அமர்வில் அவர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய நியமனத்தை 2003 மார்ச்சில் செனட் ஒப்புக்கொண்டபோது மெமோக்கள் இன்னும் ரகசியமாக இருந்தன.

வேற நாட்டு கோர்ட்டுல விசாரிக்க முடியாதா?

முயன்றார்கள். ஜெர்மனியில் 2006இல் கொடுத்த புகாரை அரசு வழக்கறிஞர் அடுத்த ஆண்டே தள்ளிவிட்டார். ஸ்பெயினில் 2009 மார்ச்சில் கொன்சாலெஸ், யூ, பைபீ, ஹேன்ஸ், துணை ஜனாதிபதி செய்னியின் வக்கீல் டேவிட் ஆடிங்டன், பென்டகன் அதிகாரி டக்ளஸ் ஃபைத் ஆகிய ஆறு பேர்மேல் புகார் போனது. அமெரிக்கா தானே விசாரிக்கும் என்ற காரணத்தில் 2011இல் நீதிபதி அதை அமெரிக்காவுக்கே அனுப்பிவைத்தார். விசாரணையை நிறுத்த அமெரிக்கத் தூதரகம் ஸ்பெயின் அரசிடம் பேசிவந்தது 2010இல் கசிந்த தூதரகத் தகவல்களில் அம்பலமாகியிருந்தது.

ஹிட்லர் ஆட்சி வக்கீலுங்களைத் தண்டிச்சாங்களே, அது முன்னுதாரணம் ஆகாதா?

1947இல் நியூரம்பெர்க்கில் நடந்த நீதிபதிகள் வழக்கைச் சொல்கிறீர்கள். நீதிபதிகள், நீதி அமைச்சக வக்கீல்கள் என 16 பேர்மேல் குற்றம் சாட்டி, 10 பேரைத் தண்டித்தார்கள். நடத்தியது அமெரிக்க நீதிபதிகளே. கொலைகாரனின் கத்தி நீதிமானின் அங்கிக்குள் மறைந்திருந்தது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. மேசையில் உட்கார்ந்து சட்டம் எழுதியவனும் குற்றவாளி ஆகலாம் என்ற கொள்கை அங்கே நிலைநாட்டப்பட்டது.

அதற்கு மேல் அதை இழுக்காதீர்கள். அவர்கள் ஆணைகளை எழுதி நடத்தியவர்கள், ஆயிரக்கணக்கானோரைத் தூக்குக்கு அனுப்பிய அமைப்பை ஓட்டியவர்கள். யூவும் பைபீயும் அதற்குச் சமம் என்று மேடையில் முழங்கினால் எதிராளிக்கு வேலை சுலபமாகிவிடும்.

சிஐஏவே வக்கீல்கள்கிட்ட பொய் சொல்லியிருந்தா, இவங்க மேல என்ன தப்பு?

கேள்விகளில் கஷ்டமானது இது. 2014 டிசம்பரில் வெளியான செனட் குழு அறிக்கை, சிஐஏ திரும்பத் திரும்பத் தவறான தகவலை அலுவலகத்துக்குக் கொடுத்தது என்கிறது. அபு சுபைதா அல்கொய்தாவின் உச்சத் தலைவர்களில் ஒருவர் என்று நம்பித்தான் மெமோ எழுதப்பட்டது. பின்னாளில் அரசே அந்த வாதத்தைக் கைவிட்டது. தகவல்கள் மாறினால் இந்த அறிவுரை பொருந்தாமல் போகலாம் என்று மெமோவிலேயே ஒரு காப்பு வாசகம் உண்டு. தாங்கள் அனுமதிக்காத சிலவும் செய்யப்பட்டன என்று பைபீ 2010இல் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்.

இது பைபீக்கு ஓரளவு உதவும். ஆனால் வரையறையைச் சுருக்கியதும், டெக்சாஸ் வழக்கையும் 1952 தீர்ப்பையும் விட்டதும், ஜனாதிபதியைச் சட்டத்துக்கு மேலே வைத்ததும் சிஐஏ கொடுத்த தகவலால் நடந்தவை அல்ல. பிராட்பரிக்கு இந்தச் சாக்கும் கிடையாது. 2004இலேயே சிஐஏவின் தலைமை ஆய்வாளர், வாட்டர்போர்டிங் சொன்ன மாதிரி நடக்கவில்லை, தண்ணீரும் அதிகம், தடவையும் அதிகம் என்று எழுதிவிட்டார். அதைப் படித்த பிறகுதான் 2005 மெமோக்கள் வந்தன.

இனிமே எதுவும் சாத்தியமா, இல்ல காலம் கடந்துபோச்சா?

குற்றவியல் கதவு தாளில் இன்னும் திறந்திருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ பெரும் ஆபத்து விளைவிக்கக்கூடிய சித்திரவதைக்கு அமெரிக்கச் சட்டத்தில் காலவரம்பு இல்லை. புஷ் பதவி முடிந்து போகும்போது இதற்காக யாருக்கும் மன்னிப்பு வழங்கவில்லை. ஆனால் எந்த அரசு வழக்கறிஞர் இதைத் தொடுவார்? யூ பெர்க்லியில் சட்டப் பேராசிரியர். பிராட்பரியை 2017இல் போக்குவரத்து அமைச்சகத்தின் தலைமை வக்கீலாகவும், 2025இல் அதே அமைச்சகத்தின் துணை அமைச்சராகவும் செனட் ஒப்புக்கொண்டது. 2017இல் மெமோக்களைச் சொல்லி எதிர்த்தவர்களில் அவருடைய கட்சியைச் சேர்ந்த ஜான் மெக்கெய்னும் ஒருவர். வியட்நாமில் சிறைப்பட்டுச் சித்திரவதைப்பட்டவர் அவர்.

நடக்கக்கூடியது சிறிய விஷயம் ஒன்று. அமெரிக்காவில் மற்ற அமைச்சக ஊழியர்களின் தவறை, தனிச் சுதந்திரமுள்ள தலைமை ஆய்வாளர் விசாரிக்கலாம். நீதி அமைச்சக வக்கீல்களின் தொழில்முறைத் தவறுகளை மட்டும் அமைச்சருக்குக் கட்டுப்பட்ட ஒழுக்கப் பிரிவுதான் விசாரிக்கும். மார்கோலிஸ் ஒருவரே அதை மாற்ற முடிந்தது அதனால்தான். இந்த விதிவிலக்கை நீக்கும் மசோதாவைக் கீழவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிறைவேற்றியிருக்கிறது. செனட்டில் அது நிறைவேறவில்லை.